ஈறில் வைத்த மருந்து

கோயம்புத்தூர்
8 ஜூலை 2025

அன்புள்ள அப்பா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அம்மா தன் போனைக் கொண்டுவந்து நீட்டினாலும், கடையில் யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து போய்விடுகிறீர்களாம். அதனால் எழுதுகிறேன். பரீட்சைக்குப் பிறகு கையால் இவ்வளவு எழுதியதில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் நீங்கள் இங்கே வந்தபோது வலது பக்கம் மட்டும்தான் முடித்தேன். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் பை மாதிரி இறங்கியிருந்த இடங்களில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்து, வேரைச் சுத்தம் செய்து, அந்தப் பைக்குள் ஜெல் வைத்தேன். இடது பக்கமும் முன்வரிசையும் பாக்கி. ஜூனில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஜூன் போய்விட்டது.

காரணத்தை அம்மா நேற்றுத்தான் சொன்னாள். "ஒங்கப்பாருக்கு நீ சேவலை அரைச்சு வாயில வச்சிட்டியாம்டி. அதான் மொகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியிறாரு" என்றாள். முதலில் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து அடுத்தவர் வாயைக் குனிந்து பார்த்துக் கழுத்து ஒடிந்துபோய் வீட்டுக்கு வந்திருந்தேன். அந்த நேரத்தில் சேவலுக்குப் பதில் சொல்லத் தெம்பு இல்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த மருந்தின் பெயர் ஹயலூரானிக் ஆசிட். ஆசிட் என்றதும் கழிப்பறையில் ஊற்றுவது என்று நினைக்க வேண்டாம். அது நம் உடம்பிலேயே இருப்பது. மூட்டில் இருக்கிறது, கண்ணில் இருக்கிறது, ஈறிலும் இருக்கிறது. தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். புண் ஆறும் இடத்தில் வீக்கத்தைக் குறைக்கும். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் ஈறு மெதுவாகத்தான் ஆறும். அது பல்லோடு மறுபடி ஒட்டிக்கொள்ளத் துணையாக இருக்கட்டும் என்று வைத்தேன். இதைப் பெரிய தொட்டிகளில் கிருமிகளை வளர்த்துத் தயாரிக்கிறார்கள். சேவலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு பக்கம் சுத்தம் செய்து மறுபக்கத்தை விட்டுவைத்தால் செய்ததும் வீண். தயவுசெய்து வாருங்கள்.

அருணா


விராலிமலை
17 ஜூலை 2025

அன்புள்ள அருணாவுக்கு, அப்பா எழுதுவது.

உன் கடிதம் கடைக்கே வந்தது. தபால்காரர் இரண்டு மோட்டார் கழற்றிப் போட்டிருந்ததற்கு நடுவில் நின்று கொடுத்துவிட்டுப் போனார். வேலை முடித்து, கை கழுவிவிட்டுப் படித்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீ எனக்கு வைத்தியம் பார்த்துச் சில வாரம் கழித்து இருளாண்டி கடைக்கு வந்தான். திருச்சியில் முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தான். "தங்கமுத்து, முழங்கால்ல சேவலை ஏத்திட்டாங்கப்பா. இனி நான் நடக்க மாட்டேன், பொறாண்டத்தான் செய்வேன்" என்றான். என்னடா சொல்கிறாய் என்று கேட்டேன். "டாக்டரே சொன்னாரு. சேவல் கொண்டையிலேருந்து எடுக்குற மருந்தாம். ஒனக்கு வேணும்னா எங்கிட்டேருந்து ரெண்டு சொட்டு தாரேன்" என்று சிரித்தான். அவனுடைய சீட்டை வாங்கிப் பார்த்தேன். நீ எனக்கு எழுதிக் கொடுத்த சீட்டும் பையில் இருந்தது. இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாக வைத்து ஒத்துப் பார்த்தேன். ஒரே பெயர். நான் அவசரப்பட்டு எதுவும் முடிவு செய்யவில்லை.

என்னுடைய வேண்டுதல் உனக்குத் தெரியும். நான் சைவம் இல்லை. ஆட்டுக்கறி தின்பேன், மீன் தின்பேன். முருகன் கொடியில் நிற்கிறதை இனி வாயில் வைப்பதில்லை என்று மலையில் சொன்னேன். அவ்வளவுதான். சேவல் என்றால் கோழிக்கு விலக்கு உண்டா என்று உன் அம்மா அன்றைக்கே கேட்டாள். சந்தேகம் வேண்டாம் என்று இரண்டையும் விட்டேன். உனக்கு டாக்டர் சீட்டு கிடைக்க வேண்டும் என்று சொன்ன வார்த்தை அது. சீட்டு கிடைத்தது. வார்த்தை நிற்கிறது.

என் வருத்தம் சேவலைப் பற்றி மட்டும் இல்லை. நாற்காலியில் படுத்திருந்தபோது நீ ஒரு சின்னக் குழாயை எடுத்தாய். வாய் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் "என்னத்தம்மா வைக்கப் போற?" என்று கேட்டேன். நீ "ஒண்ணுமில்லப்பா" என்றாய். ஒன்றுமில்லை என்றால் நான் எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும்?

இப்போது சேவல் இல்லை என்று எழுதியிருக்கிறாய். விசாரித்துத்தான் எழுதினாயா? விசாரித்திருந்தால் சரி. விசாரிக்கவில்லை என்றால் விசாரித்துவிட்டு எழுது.

அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

அப்பா


கோயம்புத்தூர்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதினேன். அதை அனுப்பவில்லை. அதில் இருந்த கோபத்தில் பாதியை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எனக்காகக் கோழியை விட்டேன் என்கிறீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கல்லூரி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பந்தியில் நம் ஆட்கள் யாராவது ஆரம்பிப்பார்கள். "ஒன்னாலதான் ஒங்கப்பன் நாக்கைக் கட்டிப்போட்டுட்டான், பாத்துக்க" என்பார்கள். நான் தட்டில் இருக்கும் கோழியைத் தின்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். ராத்திரி பகலாகப் படித்தது நான். மார்க் வாங்கியது நான். கவுன்சிலிங்கில் பெயர் கூப்பிட்டதும் எல்லாரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். இதைச் சொல்லக் கூடாது என்று இத்தனை வருஷம் இருந்தேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நான் விசாரித்துவிட்டு எழுதவில்லை. படித்ததை வைத்து எழுதினேன். ஈறுக்கு வைக்கும் ஜெல் பெரும்பாலும் கிருமி வழியாகத்தான் தயாராகிறது என்று பாடத்தில் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த பிறகு ஸ்டோர் ரூமில் போய்ப் பார்த்தேன். எங்கள் கிளினிக்கில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று குழாயில் வருவது. அது கிருமி வழிதான். அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டும் உறுதி செய்துகொண்டேன். இன்னொன்று ஊசியில் அடைத்து வருவது, வெளிநாட்டுச் சரக்கு. அதனோடு வரும் தாளில் பொடி எழுத்தில் பறவையிலிருந்து எடுத்தது என்று போட்டிருக்கிறது. எந்தப் பறவை என்று விசாரித்தேன். சேவல் கொண்டைதான். இருளாண்டி மாமா சொன்னது பொய் இல்லை.

உங்களுக்கு எதை வைத்தேன் என்று பார்க்கக் கிளினிக்கில் இருக்கும் உங்கள் சீட்டை எடுத்தேன். ஜெல் வைக்கப்பட்டது என்று மட்டும் எழுதியிருக்கிறேன். எந்த வகை என்று நான் குறிக்கவில்லை. எங்கள் கிளினிக்கில் கையில் எடுத்துக் கொடுக்கும் சரண்யாவைக் கேட்டேன். "அன்னைக்குக் கூட்டம் மேடம். எது முன்னாடி இருந்துச்சோ அதைத்தான் கொடுத்திருப்பேன்" என்றாள். நீங்கள் சின்னக் குழாய் என்கிறீர்கள். வாய் மரத்துக் கண்ணுக்கு நேரே விளக்கு எரியும்போது படுத்திருப்பவருக்கு ஊசியும் குழாயாகத்தான் தெரியும். அதை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது.

அம்மா தினமும் போன் செய்கிறாள். "சேவல் இல்லைன்னு ஒரு வரி எழுதிப் போடுடி. எழுதுனா பேனா ஒடஞ்சா போயிரும்? இந்த மனுசன் கஞ்சியைக் குடிச்சிக்கிட்டுக் கெடக்காரு. முருகன் ஒன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அவருகிட்ட நான் பேசிக்கிறேன்" என்கிறாள். எழுதினால் நீங்கள் நாளைக்கே பஸ் ஏறிவிடுவீர்கள் என்று எனக்கும் தெரியும். எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை.

உங்கள் ஈறில் வைத்தது எது என்று எனக்குத் தெரியவில்லை அப்பா. இனி தெரியப்போவதும் இல்லை.

அருணா


விராலிமலை
9 ஆகஸ்ட் 2025

அருணாவுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். இப்போது எழுத ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் விடு.

அப்பா


கோயம்புத்தூர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பா,

விடச் சொன்னீர்கள். விட்டுத்தான் இருந்தேன். நேற்று அம்மா சொன்னதைக் கேட்ட பிறகு விட முடியவில்லை.

கீழ் முன்வரிசையில் ஒரு பல் விழுந்துவிட்டதாம். கடையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயில் ஏதோ தட்டுப்படுகிறது என்று துப்பினீர்களாம். துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டாருக்குக் கட்டிக்கொண்டிருந்த காயிலை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தீர்களாம். "வலிச்சுச்சான்னு கேட்டா இல்லைங்கிறாரு. வலிக்காம விழுந்தா நல்லதா கெட்டதாடி?" என்று அம்மா கேட்டாள். கெட்டது. ஈறு நோயில் பல் பெரும்பாலும் வலிக்காமல்தான் போகும். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு அடியில் கரைந்துகொண்டே இருக்கும். வலி இல்லையே என்று மனிதர்கள் வராமல் இருந்துவிடுவார்கள்.

சர்க்கரையும் ஏறியிருக்கிறதாம். இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும். ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரை இறங்காது. சர்க்கரை இறங்காவிட்டால் ஈறு ஆறாது. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போய்ப் பயன் இல்லை.

முதல் கடிதத்திலேயே நான் எழுதியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது எழுதுகிறேன். ஜெல் இல்லாமலும் இந்த வைத்தியத்தைச் செய்யலாம். சுத்தம் செய்வதுதான் வைத்தியம். ஜெல் ஒரு துணை மட்டும். வைத்தால் சிலருக்குக் கொஞ்சம் சீக்கிரம் ஆறுகிறது, பையின் ஆழம் கொஞ்சம் கூடுதலாகக் குறைகிறது. வைக்காமல் விட்டாலும் ஒழுங்காகச் சுத்தம் செய்து, நீங்களும் வீட்டில் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஆறும். நான் ஏன் ஜெல்லுக்காக உங்களோடு மல்லுக்கு நின்றேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

என்னிடம் வர உங்களுக்கு மனம் இல்லை என்றால் திருச்சியில் ஒருவரிடம் போங்கள். என்னோடு படித்தவர் இல்லை, ஆனால் வேலை சுத்தமானவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அம்மாவிடம் விலாசம் சொல்லியிருக்கிறேன். நான் யார் என்றுகூட அவரிடம் சொல்ல வேண்டாம். உங்கள் பல்லை யார் பார்த்தாலும் எனக்குச் சம்மதம். பார்க்காமல் இருப்பதுதான் சம்மதம் இல்லை.

அருணா


விராலிமலை
2 அக்டோபர் 2025

அன்புள்ள அருணாவுக்கு, அப்பா எழுதுவது.

நீ சொன்ன இடத்துக்குப் போனோம். உன் அம்மாவும் வந்தாள். நடந்ததை அவள் அவள் வழியில் உனக்குச் சொல்லியிருப்பாள். நான் என் வழியில் சொல்கிறேன்.

டாக்டர் நல்ல மாதிரி. உன் வயதுதான் இருக்கும். வாயைப் பார்த்தார், படம் எடுத்தார், தலையை ஆட்டினார். ஒரு தட்டில் ஏதோ எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க தம்பி வைக்கப் போறீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லைங்கய்யா. நீங்க வாயத் தெறங்க, போதும்."

"ஒண்ணுமில்லாததை எதுக்குங்க வைக்கணும்?"

"அய்யா, வெளிய ஆளுங்க உக்காந்திருக்காங்க."

நான் இறங்கிவிட்டேன். அவர் மேல் தப்பு இல்லை. மோட்டாரைக் கொண்டுவந்து போட்டுவிட்டு என்ன ஆச்சு என்று துளைக்கிறவர்களிடம் நானும் ஒன்றுமில்லை, போய்விட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் என் வாய் மோட்டார் இல்லை. வெளியே வந்ததும் உன் அம்மா "என்ன, அதுக்குள்ளயா முடிஞ்சிருச்சு?" என்றாள். முடிந்துவிட்டது என்றேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாவிடம் "இவருக்குப் பல்லு வைத்தியம் பாக்க டாக்டர் பத்தாதுங்க, வக்கீலும் வரணும்" என்றாள். அந்த அம்மா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

உன் ஆகஸ்ட் மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

என் வேண்டுதல் உடைந்ததா இல்லையா என்று யாரிடமும் கேட்கப் போவதில்லை. மலைக்குப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன். குருக்களிடம் கேட்டால் ஏதாவது பரிகாரம் சொல்வார். சொன்னால் செய்ய வேண்டும். தெரியாமல் நடந்ததற்குக் கணக்குப் பார்க்க எனக்கு இப்போது தெம்பு இல்லை. இனிமேல் தெரிந்து வாயில் வைக்க மாட்டேன். அது போதும் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

சேவல் இல்லை என்று எழுதச் சொல்லி உன் அம்மா உன்னை நச்சரித்ததை அவளே என்னிடம் சொன்னாள். "ஒங்க மகளுக்குப் பொய்யும் வரலை, சோறும் வடிக்க வரலை" என்று திட்டினாள். நீ எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன். வந்திருப்பேன். பிறகு நீ என்ன மருந்தை எடுத்தாலும் அதையும் நம்பியிருப்பேன். அது சரியாக இருந்திருக்காது.

இன்னொன்று. சீட்டு உன் மார்க்குக்குக் கிடைத்தது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். நீ படித்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காபி போட்டுக் கொடுத்தாள், விசிறினாள், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டாள். இங்கிலீஷில் இருந்ததை எழுத்துக் கூட்டியே கேட்டாள். எனக்கு அதுவும் வராது. வீட்டில் எல்லாரும் ஏதோ செய்துகொண்டிருந்தார்கள், நான் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதனால் சாப்பாட்டில் ஒன்றை விட்டேன். உன்னிடம் கடன் வசூலிப்பதற்காக அதை விடவில்லை. பந்தியில் ஆட்கள் அப்படிப் பேசியது என் காதில் விழுந்திருக்கிறது. வாயை மூடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். நான் கோயம்புத்தூருக்கே வருகிறேன். தெரியவில்லை என்று எழுதின டாக்டரிடம் வாயைத் திறப்பதில் எனக்குப் பயம் இல்லை. எப்போது வரட்டும் என்று எழுது.

அப்பா


கோயம்புத்தூர்
9 அக்டோபர் 2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைக் கிளினிக்கில் மத்தியானம் படித்தேன். அடுத்து வந்தவரைக் கொஞ்ச நேரம் வெளியில் உட்காரச் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் குறைவு. அன்றைக்கு வாருங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு வாருங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டாம். திருச்சியில் எடுத்த படத்தை மறக்காமல் கொண்டுவாருங்கள். அம்மா என்ன கட்டிக் கொடுத்தாலும் சரி, ஊறுகாய் மட்டும் வேண்டாம்.

பறவை மருந்தை நான் வாங்காமல் நிறுத்தவில்லை. எல்லாருக்கும் உங்கள் வேண்டுதல் இல்லை. ஆனால் யாருக்கு எதை வைக்கிறேன் என்று முதலில் வாயால் சொல்கிறேன், பிறகு சீட்டில் எழுதுகிறேன். வேலை தாமதமாகிறது. சரண்யா முணுமுணுக்கிறாள். போன வாரம் ஒரு அம்மா, "இதெல்லாம் எங்களுக்கு எதுக்குங்க டாக்டர், சீக்கிரம் முடிச்சு விடுங்க" என்றார். அவருக்கும் சொல்லித்தான் வைத்தேன்.

உங்களுக்கு ஜெல் வேண்டுமா வேண்டாமா என்பதை நாற்காலியில் படுக்கும் முன் சொல்லுங்கள். வேண்டும் என்றால் கிருமி வழி வந்தது. வேண்டாம் என்றால் வெறும் சுத்தம். இரண்டில் எதைச் சொன்னாலும் நான் முகம் சுளிக்க மாட்டேன்.

நீங்கள் பஸ் ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. கீழ் முன்வரிசையில் விழுந்ததற்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பல்லையும் என்னால் காப்பாற்ற முடியாது. எந்த மருந்தும் அவற்றைப் பிடித்து நிறுத்தாது. அடியில் எலும்பு இல்லை. மே மாதம் எடுத்த படத்திலேயே எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நீங்கள் கேட்டபோது "பாக்கலாம்ப்பா" என்றேன். பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. நம் வீட்டு மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படிச் சொன்னேன். மற்றப் பற்கள் நிற்கும் என்று நினைக்கிறேன். அதுவும் சர்க்கரை இறங்கினால்தான். உறுதி சொல்ல முடியாது.

இதைப் படித்துவிட்டும் வருவதாக இருந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறேன்.

அருணா


விராலிமலை
14 அக்டோபர் 2025

அன்புள்ள அருணாவுக்கு, அப்பா எழுதுவது.

கடிதம் வந்தது. அந்த இரண்டு பல்லும் நிற்காது என்று எனக்கும் தெரியும். தினமும் நாக்கால் தொட்டுத்தான் பார்க்கிறேன். நீ சொல்லட்டும் என்று இருந்தேன்.

தீபாவளி கழித்துப் போகலாம் என்றாள் உன் அம்மா. வேண்டாம் என்றுவிட்டேன். இந்த வெள்ளிக்கிழமையே வாரோம்.

அப்பா